விறகு வைத்துவிட்டுப் போகிறவர்கள்

ஈஸ்டர் விடுமுறை தொடங்கும் வாரத்தில் ஒஸ்லோவிலிருந்து பேர்கன் போகும் ரயிலில் கால் வைக்க இடம் கிடைப்பது அரிது. நடைபாதை முழுக்கப் பனிச்சறுக்குகள், முதுகுப்பொதிகள், படுத்துக் கிடக்கும் நாய்கள். கம்பளித் தொப்பியோடு எழுபது வயதுக்காரர்கள், அவர்களுக்கு இடையில் பிள்ளைகள். ரயில் மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போய்விடும். ஃபின்சே நிலையத்தில் கதவு திறக்கும்போது வெளியே வெள்ளை மட்டும்தான். கடல் மட்டத்திலிருந்து 1,222 மீற்றர். 1909இல் திறக்கப்பட்ட அந்த ரயில்பாதையில் மிக உயரமான நிலையம் இது. கார் போகக்கூடிய வீதி ஃபின்சேக்கு இல்லை. இறங்கியவர்கள் நிலையத்தடியிலேயே சறுக்குகளைப் பூட்டிக்கொண்டு திசைக்கு ஒரு கூட்டமாகப் பிரிந்து போவார்கள். சற்று நேரத்தில் நிலையம் வெறிச்சோடிவிடும்.

அப்படிப் பிரிந்து போகும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மனைவி, பத்து வயது மகள், நான்கு வயது மகன், நான். ஃபின்சேயிலிருந்து தெற்கே க்ரெக்யா குடில். அங்கிருந்து மேற்கே ஷெல்டபூ குடில். பிறகு ஹார்டாங்கர் பனியாற்றின் கிழக்குப் பக்கமாக ஏறி மறுபடியும் ஃபின்சே. ஒரு குடிலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு நாள் நடை. பெரியவர்கள் மத்தியானம் கழித்துப் போய்ச் சேருவார்கள்; பிள்ளைகளோடு போகிறவர்கள் பொழுது சாயும் நேரத்தில்.

நோர்வேக்குத் தமிழர் வந்த கதை கடலோடு தொடங்கியது. 1956இல் யாழ்ப்பாணத்து மீனவ ஊரான குருநகரிலிருந்து அன்ரனி இராஜேந்திரம் வந்தார். பிறகு எண்பதுகளில் வந்தவர்களில் பலர் வடகோடியில் ஃபின்மார்க் மீன் ஆலைகளில் வேலைக்கு நின்றார்கள். அவர்களுக்குப் பனி என்றால் விடியமுன் வாசலில் வழித்து எறியவேண்டிய ஒன்று. விடுமுறை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நடக்கப் போவது அவர்கள் நினைப்பில் வராத விடயம். பிள்ளைகள் வேறு மாதிரி. பாலர் பள்ளியிலேயே சறுக்கைப் பூட்டிவிடுகிறார்கள். விழுந்து எழும்பிப் பழகிவிடுகிறார்கள். எங்களை இந்த மலைக்கு இழுத்து வந்தவள் மகள்தான். இதை விளையாட்டாகவோ உடற்பயிற்சியாகவோ நினைத்துத்தான் நான் முதலில் சம்மதித்தேன். இப்போது இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இந்த மலையில் ஒரு குடும்பம் தன் சொந்தப் பலத்தில் நடப்பதே இல்லை. முன்னே போனவர்கள் யாரோ எதையோ வைத்துவிட்டுப் போயிருப்பதால்தான் நடக்கிறது.

மகன் புல்க்கில் வருவான். புல்க் என்பது அடிப்பக்கம் வழுவழுப்பான சிறிய இழுவை வண்டி. இரண்டு நீண்ட கோல்கள் அதை இழுப்பவரின் இடுப்புப் பட்டியோடு இணைக்கும். கயிறாக இருந்தால் இறக்கத்தில் வண்டி வந்து குதிகாலில் அடிக்கும்; கோல் என்றபடியால் அடிக்காது. உள்ளே ஆட்டுத்தோல், அதன்மேல் தூக்கப்பை, அதற்குள் பிள்ளை, முகத்துக்கு முன்னே காற்றுத் தடுப்பு. இழுப்பவருக்கு வியர்த்து ஒழுகும். உள்ளே இருப்பவனோ அசையாமல் கிடப்பதால் மெல்ல மெல்ல விறைப்பான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது: தன் உடம்புச் சூட்டை வைத்துப் பிள்ளையின் குளிரை அளக்க முடியாது. அதனால் அடிக்கடி நின்று, கையுறையைக் கழற்றி, பிள்ளையின் பிடரியில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். கன்னத்தையும் மூக்கையும் நம்பக்கூடாது, அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரி சூடாக இருந்தால் உடம்பும் சூடாக இருக்கிறது. சூடு குறைந்திருந்தால் தூக்கி வெளியே விட்டு ஓடச் செய்ய வேண்டும், அழுதாலும். நித்திரையிலிருக்கும் பிள்ளையைக் காற்றடிக்கும் வெளியில் எழுப்பி ஓட வைப்பது பெற்ற மனதுக்கு எளிதல்ல. மனைவி அதில் என்னைவிட உறுதியானவர்.

பிள்ளையை மலை கடத்தும் கதை நோர்வேயில் பழையது. 1206இல், உள்நாட்டுப் போர்க்காலம். இரண்டு வயதுகூட நிறையாத அரச குழந்தை ஹோக்கோனை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற, பிர்க்கபெய்னர் படையைச் சேர்ந்த இருவர் லில்லஹாமரிலிருந்து பனிச்சறுக்கில் மலை தாண்டி ஓஸ்டர்டாலன் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குழந்தை பின்னர் அரசனாகி நீண்டகாலம் ஆண்டது. கனூட் பேர்க்ஸ்லியன் 1869இல் இதை ஓவியமாக வரைந்தார். புயலுக்குள் பாயும் இரண்டு வீரர்கள், ஒருவன் கையில் பொட்டலமாகச் சுற்றிய குழந்தை. இந்த நாட்டில் அந்தப் படத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர் இருக்க மாட்டார். 1932 முதல் அந்த நினைவில் ஒரு சறுக்கோட்டப் போட்டியும் நடக்கிறது. ஓடுகிறவர்கள் எல்லாரும் குழந்தையின் நினைவாக 3.5 கிலோ சுமையை முதுகில் கொண்டுபோக வேண்டும்.

ஓவியம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அதில் வீரர்களின் முகமும் தசையும்தான் பேசுகின்றன. குழந்தை வெறும் சுமை. 3.5 கிலோ சுமைக்குச் சிறுநீர் முட்டாது, கையுறை தொலையாது, இன்னும் எவ்வளவு தூரம் என்று அது கேட்காது. பிள்ளையோடு மலை கடந்தவர்களுக்கு, பயணம் முழுவதையும் தீர்மானிப்பவை இவைதான் என்று தெரியும். அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ஓவியத்துக்கு முந்திய ஆண்டு, 1868இல், தோமஸ் ஹெஃப்டியே என்ற வங்கியாளர் முன்னின்று நோர்வேச் சுற்றுலாச் சங்கத்தைத் தொடங்கினார். வீரர் அல்லாதவர்களும் மலைக்குப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒன்று புயலில் பாயும் வீரனை நாட்டுக்குத் தந்தது. மற்றது குடிலும் அடுப்பும் வழிக்குறியும் தந்தது. எதை நான் பெரிதாக மதிக்கிறேன் என்றால், சந்தேகமில்லாமல் அடுப்பைத்தான்.

இன்று அந்தச் சங்கத்தின் வலையில் 500க்கும் மேற்பட்ட குடில்கள். சில குடில்களில் பணியாளர் இருப்பார்கள், சாப்பாடு கிடைக்கும். சிலவற்றில் ஆளே இல்லை, ஆனால் உணவுப்பொருள் அடுக்கிய அறை உண்டு. சிலவற்றில் விறகும் கட்டிலும் மட்டும். பூட்டியிருக்கும் குடில்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே மாதிரிச் சாவி. உறுப்பினராகிப் பிணைப்பணம் கட்டினால் அது கையில் கிடைக்கும். நிலம் சங்கத்துக்குச் சொந்தமில்லை. ஆனால் பயிர் செய்யாத வெளியில் எவரும் நடக்கலாம், சறுக்கலாம், அது அடுத்தவர் நிலமாக இருந்தாலும் சரி என்று 1957ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பழைய வழக்கத்தைத்தான் அது எழுத்தில் வைத்தது.

நாங்கள் நடக்கும் ஹார்டாங்கர்விடா ஒரு மலைச்சிகரம் அல்ல, மேட்டுநிலம். பரப்பு ஏறத்தாழ 8,000 சதுர கிலோமீற்றர். மரமில்லை. நல்ல வெயிலில் வானமும் நிலமும் கண்ணைக் குத்தும். மூட்டம் இறங்கினால் மேலெது கீழெது என்று தெரியாது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதைக் கால்தான் சொல்லும். பின்னாளில் தென்துருவத்தை முதலில் எட்டிய ருவால் அமுன்ட்சன், 1896 சனவரியில் தன் அண்ணன் லியோனோடு இந்த மேட்டுநிலத்தைக் கடக்கப் போய்ச் சாவின் விளிம்புவரை வந்தார். வழி தவறி, உணவு தீர்ந்து, பனியில் குழி தோண்டிப் படுத்தார்கள். காலையில் அமுன்ட்சனால் அசைய முடியவில்லை. இரவு அவர்மேல் விழுந்த பனி இறுகிக் கட்டியாகியிருந்தது. அண்ணன் தோண்டி எடுத்திராவிட்டால் துருவத்துக்குப் போக ஆள் இருந்திருக்காது.

இன்று அதே நிலத்தில் பத்து வயதுப் பிள்ளை போகிறாள் என்றால் அதற்குக் காரணம் குச்சிகள். மெல்லிய பேர்ச் மரக் கொப்புகள், இப்போது பல இடங்களில் மூங்கில். ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு முன் தொண்டர்கள் போய், பாதை நெடுக, ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும்படி பனியில் நட்டுவைப்பார்கள். நாடு முழுவதும் இப்படிக் குச்சி நட்ட குளிர்காலப் பாதை ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர். பனி கரைந்தால் குச்சி விழும். அடுத்த ஆண்டு மறுபடி நட வேண்டும். நட்டவர் யார் என்று போகிறவருக்குத் தெரியாது. கோடைக்காலத்தில் கற்குவியல்களில் சிவப்பு வண்ணத்தில் எழுதும் வழிக்குறிக்கு ஒரு நிலைத்த தன்மை உண்டு. குச்சிக்கு அது இல்லை. என் மனதை அதிகம் தொடுவது அந்தக் குச்சிதான்.

மகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். நின்ற இடத்திலிருந்து எத்தனை குச்சி தெரிகிறது என்று எண்ணுவாள். வெளிச்சமான நாளில் எண்ணி முடியாது. க்ரெக்யாவிலிருந்து ஷெல்டபூவுக்குப் புறப்பட்ட காலையில் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு மேற்கே மலைவிளிம்பு மங்கியது. காற்று தரையோடு தரையாகப் பனிப்பொடியை இழுத்துக்கொண்டு வந்தது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் ஓடுகிறது, மேலே இன்னும் நீலவானம். ஏழு, ஐந்து, மூன்று என்று எண்ணிக்கொண்டு வந்தாள். சற்றுப் போனதும் நின்றாள்.

"அப்பா, அடுத்தது தெரியேல்லை."

எங்களுக்குள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம்: அடுத்த குச்சி தெரியாவிட்டால் அடி எடுத்து வைப்பதில்லை. நின்றோம். காற்றுக்கு முதுகைக் காட்டி, புல்க்கை நடுவில் விட்டு, சுற்றிக் குந்தினோம். மகனின் பிடரி சூடாக இருந்தது. மனைவி தேத்தண்ணிக் குடுவையைத் திறந்தார். பின்பக்கம் பார்த்தால் இரண்டு குச்சிகள் தெரிந்தன, முன்பக்கம் ஒன்றுமில்லை. பேச அதிகம் இருக்கவில்லை. திரும்பினோம்.

இந்த நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மலைநெறிகள் பாடம். மொத்தம் ஒன்பது. அதில் எட்டாவது, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. அதன் பின்னால் பெரிய துக்கம் இருக்கிறது. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் செஞ்சிலுவைச் சங்கமும் சுற்றுலாச் சங்கமும் இந்த நெறிகளை நாடெங்கும் கொண்டுபோயின. ஈஸ்டர் மலைப்பயணத்தில் தோடம்பழமும் குவிக் லுன்ஷ் என்ற சொக்லேட்டும் இல்லாத முதுகுப்பொதி இருக்காது. அந்தச் சொக்லேட் உறையின் உட்புறத்தில் அதே ஆண்டு முதல் நெறிகளை அச்சிட்டு வருகிறார்கள். 2016இல் சொற்களைத் திருத்தினார்கள். எட்டாவது அப்படியே நின்றது. சொக்லேட்டை உடைத்துத் தின்றுவிட்டு உறையை விரித்துப் படிக்கும் வயதிலேயே, பின்வாங்குவது ஒரு திறமை என்று பிள்ளை படித்துக்கொள்கிறது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதை எவரும் சொல்லித் தரவில்லை. அங்கே திரும்பி வந்தவன் தோற்றவன்.

க்ரெக்யா 1878இல் கட்டப்பட்டது. ஹார்டாங்கர்விடாவில் சுற்றுலாச் சங்கத்தின் மிகப் பழைய குடில். அன்று மத்தியானம் நாங்கள் திரும்பிப் போனபோது, காலையில் விட்டுப்போன கட்டில்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அது பிரச்சினையே இல்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது குடில்களின் வழக்கம். கட்டில் முடிந்தால் நிலத்தில் மெத்தை. முன்னறையில் மேசைகளை ஒதுக்கி எங்களுக்கும் இன்னும் இரண்டு குடும்பங்களுக்கும் இடம் செய்தார்கள். ஏன் திரும்பினீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. உலர்த்தும் அறைக் கொடியில் இடமிருக்கவில்லை. ஒரு மூதாட்டி தன் காய்ந்த காலுறைகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மகளின் ஈரக் கையுறைகளைத் தானே வாங்கிக் கொழுவினார். "நாளைக்குக் காற்று விழுந்துவிடும்" என்று நோர்வேஜிய மொழியில் அவளிடம் சொன்னார்.

மறுநாள் காற்று விழுந்திருந்தது.

ஷெல்டபூ ஆளில்லாக் குடில். மனைவி சாவியைப் போட்டுத் திறந்தபோது உள்ளேயும் வெளியே இருந்த அதே குளிர். மகன் புல்க்கிலிருந்து இறங்கி விறைத்துப்போய் நின்றான். அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டி நிறைய விறகு, மேலே விரல் தடிப்பில் சீவிய சுள்ளிகள், பேர்ச் மரப்பட்டை ஒரு கட்டு, தீப்பெட்டி. அங்கிருந்து கடைசியாகப் போனவர்கள் வைத்தது. ஏன் இவ்வளவு கவனமாக வைக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் கைக்குத்தான் தெரியும்: விறைத்த விரலால் கோடரி பிடித்துச் சுள்ளி பிளக்க முடியாது. விரல் தேறிய பிறகு எவரும் பிளக்கலாம். ஆனால் நெருப்புத் தேவைப்படுவது அதற்கு முன்னால். ஆகவே முந்தியவர், தன் கை சூடாக இருக்கும்போதே, பின்னால் வருகிறவரின் குளிர்ந்த கைக்காகப் பிளந்து வைக்கிறார். நெருப்புப் பற்றியபோது மகன் அடுப்பைப் பார்த்தபடி நின்றான், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்.

பிறகு எல்லாருக்கும் வேலை. மகள் பெரிய பானையில் பனி அள்ளி வந்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பனியைப் போட வேண்டும். வெறும் பானையில் பனியைப் போட்டால் அடிபிடித்துத் தண்ணீர் கருகல் மணக்கும். மகன் சுள்ளிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கினான். மலையில் அவனுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். மனைவி பொருளறையிலிருந்து சூப்பும் மொறுமொறு ரொட்டியும் பீச் பழ டின்னும் எடுத்து, விலைப்பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கல்லாவில் ஆளில்லை, கமெராவும் இல்லை. எடுத்ததை எழுதி, இரவுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று நாங்களே கூட்டிக் கட்டிவிட வேண்டும். எங்கோ ஒரு சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். இருந்தும் அறையை இன்னும் பூட்டவில்லை.

குடிலில் ஒரு கொப்பி இருக்கும். பெயர், எங்கிருந்து வந்தீர்கள், எங்கே போகிறீர்கள். யாராவது காணாமற் போனால் தேடுகிறவர்கள் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான். மகள் எங்கள் நான்கு பேரின் பெயரையும் நோர்வேஜிய எழுத்தில் எழுதிவிட்டு, கேட்காமலே பக்கத்தில் தமிழிலும் எழுதினாள். ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூட எழுத்து, கொஞ்சம் சரிந்திருந்தது. பொழுது படும் நேரத்தில் இன்னொரு கூட்டம் வந்தது, நாயும் இரண்டு பிள்ளைகளுமாக. எங்கள் பைகளை ஒதுக்கினோம். பானையில் சுடுதண்ணீர் இருந்தது.

காலையில் எல்லாரும் சேர்ந்து கூட்டி, தரை கழுவி, சாம்பல் அள்ளினோம். நான் கொட்டிலில் விறகு பிளந்தேன். பெட்டி நிரம்பியது போதும் என்று கோடரியை வைத்தபோது, மகள் வந்து பார்த்துவிட்டு, "சுள்ளி காணாது, அப்பா" என்றாள். இன்னும் பிளந்தேன்.

மேட்டுநிலத்தில் பின்னால் வருகிறவர்கள் மனிதர் மட்டுமல்ல. நோர்வேயின் மிகப் பெரிய காட்டுக் கலைமான் கூட்டம் இங்கேதான் வாழ்கிறது. நாங்கள் வந்த ரயில்பாதையும், தெற்கே போகும் 7ஆம் இலக்க நெடுஞ்சாலையும் அவை பருவத்துக்குப் பருவம் போய்வந்த வழிகளை வெட்டிவிட்டன. 2016இல் வடக்கே நூர்ஃபியெல்லாவில் மான்களை மெலியச் செய்து கொல்லும் ஒரு மூளைநோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் அதுதான் முதல் தடவை. பரவாமல் தடுக்க அங்கிருந்த ஏறத்தாழ 2,000 மான்கள் கொண்ட கூட்டம் முழுவதையும் 2018க்குள் சுட்டு அகற்றினார்கள். 2020இல் அந்த நோய் ஹார்டாங்கர்விடாவிலும் தென்பட்டது. 2021இன் நோர்வேச் சிவப்புப் பட்டியலில் கலைமான் அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகச் சேர்க்கப்பட்டது. சறுக்கில் போகும் மனிதர் தொலைவில் தெரிந்தாலே மான்கள் விலகும்; குச்சி நட்ட பாதை ஒன்று அவற்றுக்கு வேலி மாதிரி ஆகிவிடலாம். கன்று ஈனும் காலத்தில் சில குடில்களைச் சங்கமே பூட்டி வைக்கிறது. சில பாதைகளை நகர்த்த வேண்டும், சில குடில்களை மூட வேண்டும் என்ற பேச்சு வளர்ந்துகொண்டிருக்கிறது.

குடில்களை நேசிக்கிறவர்களுக்கு இது வலிக்கும் பேச்சு. தாத்தா காலத்திலிருந்து போய்வந்த வழியைக் கைவிடச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் என் பக்கம் மான்களின் பக்கம்தான். முன்பின் காணாத ஒருவரின் குளிர்ந்த கையை நினைத்துச் சுள்ளி பிளக்கிற மக்களால், காணாத ஒரு மான்கூட்டத்தை நினைத்து ஒரு பாதையை விட்டுக்கொடுக்கவும் முடியும் என்று நம்புகிறேன். பாதை நகர்ந்தால் குச்சியையும் நகர்த்தி நட வேண்டும், அவ்வளவுதான்.

மகளுக்கு இதில் உடன்பாடில்லை. ஷெல்டபூ மாதிரிக் குடில்களை மூடவே கூடாது என்கிறாள். மான்களுக்குத் தேவையான மாதங்களில் பூட்டலாம், ஈஸ்டருக்குக் கட்டாயம் திறந்திருக்க வேண்டும் என்று வாதாடுகிறாள். ஈஸ்டர் ஏப்ரல் கடைசியில் வரும் ஆண்டுகளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். சினை மான்கள் கன்று ஈனும் இடம் தேடி நகரும் நாட்களும் அவைதானே. அதற்கு அவளிடம் இன்னும் பதில் இல்லை. சமையலறைச் சுவரில் வரைபடத்தை ஒட்டிவைத்து, பென்சிலால் வேறு வழிகள் கீறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.